சேரியின் பாட்டு: கே.ஏ.குணசேகரன் பாடியதும் எழுதியதும்



கே.ஏ.குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது. அதே நாளில்தான் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் விடுதி அறையில் ரோகித் வெமுலா உயிர்நீத்தார். ஒருவர் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர், மற்றவர் இன்னொரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர். ரோகித்தின் மரணம் நாட்டையே உலுக்கியது. உலுக்கியிருக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பேரலையில், தமிழ்நாட்டு மேடைகளில் பல ஆண்டுகள் பாடிய ஒரு குரல் அடங்கிய செய்தி பெரும்பாலும் தமிழ்ச் செய்தித்தாள்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. இன்று கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலருக்கு அவர் பாடிய பாட்டு தெரிந்திருக்கிறது, பாடியவரைத் தெரியவில்லை. அந்த மாணவர்களை மனதில் வைத்தே இந்த உரையை எழுதியிருக்கிறோம்.

1955 மே 12 அன்று, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடிக்கு அருகிலுள்ள மாறந்தையில் குணசேகரன் பிறந்தார். அன்று அது பழைய இராமநாதபுரம் மாவட்டம். கண்மாயில் நீர் நின்றால் சோறு, இல்லாவிட்டால் பஞ்சம் என்று வாழ்ந்த சீமை. பெயரைக் கரு.அழ.குணசேகரன் என்றும் எழுதுவார்கள். அந்த வட்டாரத்தில் கழிந்த இளமையைத்தான் பின்னாளில் 'வடு' என்ற தன்வரலாறாக எழுதினார். அது காலச்சுவடு வெளியீடாக 2005இல் வந்தது. வ.காதம்பரியின் மொழிபெயர்ப்பில் 2009இல் ஆங்கிலத்திலும் வந்தது.

'வடு'வை வாசிக்காத மாணவர்கள் முதலில் அதை வாசிக்க வேண்டும். புத்தகம் சிறியது, மொழி பேச்சுமொழிக்கு நெருக்கமானது. அதன் பலம் புலம்பல் அல்ல, ஒப்பீடு. இளையான்குடி இஸ்லாமியர் நிறைந்த ஊர். அங்கே ஒரு சேரிச் சிறுவன் எப்படி நடத்தப்பட்டான், சுற்றியிருந்த கிராமங்களில் கால் வைத்தால் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற சாதாரணக் கேள்வி எந்த ஊரில் அன்பு, எந்த ஊரில் சாதி விசாரணை என்று ஒரு சிறுவன் கற்றுக்கொள்கிறான். கோட்பாட்டு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடுகிறது. பள்ளியில் உதவித்தொகையின் பெயரால் சாதி வெளிப்படுத்தப்படும் அவமானமும் அதில் உண்டு. இந்த அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பாட்டுக்கு வருவோம்.

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் வேலை குணசேகரனுக்கு முன்பே தமிழில் நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் நா.வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' அதில் ஒரு மைல்கல். இடதுசாரி இயக்கமும் மக்கள் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தது. குணசேகரனின் குரலும் அந்த மேடைகளில்தான் பழுத்தது. ஆனால் அவரிடம் ஒரு வேறுபாடு இருந்தது. தொகுப்பவர்களில் பெரும்பாலோர் பாட்டைக் காதால் கேட்டுத் தாளில் எழுதியவர்கள். இவர் அதே பாட்டுக்குள் வளர்ந்து, பிறகு ஆய்வாளராகி, ஆய்வாளரான பின்னும் பாடுவதை நிறுத்தாதவர். கட்டுரையும் வாசிப்பார், மேடையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாடவும் செய்வார். பல்கலைக்கழகங்களுக்கு இது இன்றும் கொஞ்சம் உறுத்தலான சேர்க்கைதான்.

அவருடைய குழுவின் பெயர் 'தன்னானே'. நடவு வயலிலும் கும்மியிலும், சொல் வருவதற்கு முன்பே மெட்டைப் பிடித்துக்கொள்ளப் பாடுகிறவர்கள் போடும் ஒலிதான் தன்னானே. அதற்குப் பொருள் இல்லை. ஆனால் அது விழுந்தவுடன் எல்லோருடைய கையும் காலும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். வேலை செய்கிறவர்களின் பாட்டுக்கு முதல் தேவை அதுதான். கோட்டைச்சாமி, சின்னப்பொண்ணு போன்ற கலைஞர்கள் அவரோடு சேர்ந்து பாடியவர்கள். 2008இல் 'நாக்க முக்க' பாட்டின் வழியாகத் திரையுலகம் கண்டுபிடித்துக்கொண்ட சின்னப்பொண்ணுவின் குரல், அதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் மேடைகளில் கேட்ட குரல்.

இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது குணசேகரனின் தொண்டை. இருவரும் ஒரே பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். இன்குலாப் கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது. இருவரும் 2016ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள், இன்குலாப் டிசம்பர் 1 அன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதையும், 1978இல் நமக்கு அருகிலுள்ள விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதையும் பார்த்த தலைமுறையின் பாட்டு அது. அந்தப் பாட்டு யாரிடமும் எதையும் கேட்டு இறைஞ்சவில்லை. நாங்கள் யார் என்று அறிவிக்கிறது, அவ்வளவுதான். அச்சில் அது கவிதை. குணசேகரன் பாடியபோது கூட்டமே திருப்பிச் சொல்லும் முழக்கமாக ஆகிவிட்டது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நடவுப் பாட்டின் வழக்கம். அந்த வழக்கத்தில் பழகிய ஒருவருக்கு அரசியல் பாட்டில் கூட்டத்துக்கு எங்கே இடம் விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அவர் குரலில் பரவிய இன்னொரு பாட்டு ஆக்காட்டிப் பறவையைப் பற்றியது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த தாய்ப்பறவை இரை தேடப் போய் வலையில் சிக்கிக்கொண்டு, குஞ்சுகளை நினைத்து அழுகிற பாட்டு. ஒப்பாரியின் மெட்டில் வருவது. மேடையில் அதைக் கேட்டவர்கள் பறவையை நினைத்தா அழுதார்கள்? பிழைக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்ட தாய்கள் சேரியில் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு கடினமான கேள்வியைத் தவிர்க்க முடியாது. நம் இயக்கத்துக்குள் இன்னும் முடியாத விவாதம் அது. பறையை அடிப்பதா, கீழே போடுவதா?

பறை எப்படிச் செய்யப்படுகிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வளைவான மரத்துண்டுகளை, பெரும்பாலும் வேம்பு, உலோகப் பட்டையால் இணைத்து வட்டச் சட்டம் செய்வார்கள். அதன் மேல் மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த மூங்கில் குச்சி. பனியிலும் மழையிலும் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் மீண்டும் பேசும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்க்கிறது. இத்தனை பழமையும் ஊர்த்தெருவில் அதை அடித்தவருக்கு ஒரு செம்புத் தண்ணீரைக்கூட வாங்கித் தரவில்லை. சாவு விழுந்தால் கூப்பிடுவார்கள், போயாக வேண்டும். கூலியைப் பேச முடியாது, மறுக்கவும் முடியாது. மறுத்த ஊர்களில் அடி விழுந்தது, குடிசை எரிந்தது, கடையில் சாமான் தர மறுத்தார்கள். பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று தென்னாற்காட்டில் எல்.இளையபெருமாள் போன்றவர்கள் நடத்திய போராட்டங்கள், புதுச்சேரிக்கு மிக அருகிலேயே நடந்த வரலாறு. அந்தத் தலைமுறைக்குப் பறையைக் கீழே போடுவதே விடுதலை. அவர்களைப் 'பண்பாட்டை மறந்தவர்கள்' என்று சொல்கிற உரிமை இன்று யாருக்கும் கிடையாது.

குணசேகரனும் அவர் தலைமுறைக் கலைஞர்களும் அதே பறையை வேறு இடத்தில் எடுத்தார்கள். 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் கலைவிழாக்களில் பறை மேடையின் நடுவுக்கு வந்தது. இது முந்தைய போராட்டத்துக்கு எதிரானதா? இல்லை என்பது எங்கள் கருத்து. கருவி அதுதான். ஆனால் யார் அழைத்தார்கள், கூலியை யார் முடிவு செய்தார்கள், வரமாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும், அடிக்கிறவர் தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற நான்கும் மாறியிருக்கின்றன. அந்த நான்கும் மாறாத ஊரில், மேடையில் ஒலிக்கும் பறையைக் காட்டி "பார், உன் கலை எவ்வளவு உயர்ந்தது, வந்து அடி" என்று சொல்வது பழைய ஊழியத்துக்குப் புதிய பெயர் வைப்பதுதான். இப்படி இப்போதும் நடக்கிறது. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. அந்த விருதைச் சுட்டிக்காட்டி ஊர்ச் சாவுக்கு ஆள் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பேஞ்சோ என்ற கருவியின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். (நம் ஊரில் பேஞ்சோ என்று சிலர் சொல்கிற, தட்டச்சுப் பொறிபோல் பொத்தான்கள் வைத்த புல்புல்தாரா வேறு. அது ஜப்பானியக் கருவியிலிருந்து வந்தது.) அமெரிக்கப் பேஞ்சோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையின் மேல் தோலை இழுத்துக் கட்டி, கம்பு செருகி, நரம்பு பூட்டிய வாத்தியங்கள் செனகல், காம்பியா பகுதிகளில் இன்றும் உண்டு. ஜோலா மக்களின் அக்கோன்டிங் அவற்றில் ஒன்று. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள் அந்த நினைவைக் கையில் வைத்துப் புதிய மண்ணில் மீண்டும் செய்ததுதான் பேஞ்சோ. அந்தச் செனகலோடு புதுச்சேரிக்கு ஒரு தொடர்பும் உண்டு. அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி பிரெஞ்சுக்காரர்களால் இங்கிருந்து செனகலுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வணிகத்தில் பணம்போலவே புழங்கியது. 'கினே' என்று அதற்குப் பெயர். வெள்ளை நகரத்தின் அழகிய வீடுகளைப் படம் எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரக் கேளிக்கையாளர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கையில் பேஞ்சோ ஏந்தி, கறுப்பின மக்களைக் கோமாளிகளாக்கி மேடைகளில் ஆடினார்கள். கருவியே கேலியின் சின்னமானது. பின்வந்த கறுப்பின இளைஞர்களில் பலர் அதைத் தொட விரும்பவில்லை. நூறாண்டுகளில் பேஞ்சோ என்றால் மலைநாட்டு வெள்ளையரின் வாத்தியம் என்ற எண்ணம் உலகெங்கும் படிந்துவிட்டது. ஆனால் சிலர் விடவில்லை. வட கரோலினாவில் 1918இல் பிறந்த ஜோ தாம்சன் பிடில் வாசிப்பார். அவருடைய உறவினர் ஓடெல் தாம்சன் பேஞ்சோ. சோளக்கதிர் உரிக்கும் இரவுகளிலும் வீட்டு ஆட்டங்களிலும் வாசித்தவர்கள். ஜோ பல ஆண்டுகள் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இடையில் வாத்தியம் ஒதுங்கியது. 1970களில் ஆய்வாளர்கள் தேடி வந்த பிறகுதான் இருவரும் மீண்டும் வெளியே வாசித்தார்கள். ஓடெல் 1994இல் இறந்தார். 2005 முதல் மூன்று கறுப்பின இளைஞர்கள் ஜோவின் வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்று குழு அமைத்தார்கள். 2011இல் அவர்களுக்குக் கிராமி விருது கிடைத்தது. ஜோ 2012இல் இறந்தார்.

இந்த ஒப்பீட்டை ஒரு எல்லைவரைதான் இழுக்கலாம். பேஞ்சோவைக் கேலி பறித்தது. பறையைப் பறிக்கவில்லை, நம் கழுத்தில் கட்டிவிட்டார்கள். அங்கே பிரச்சினை இழந்ததை மீட்பது, இங்கே பிரச்சினை கட்டாயத்தை அறுத்த பிறகு மிஞ்சுவதை என்ன செய்வது. ஆனால் ஒன்று பொது. இரண்டு இடத்திலும் வாத்தியத்தைக் காப்பாற்றியது அருங்காட்சியகம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள். குணசேகரனின் 'தன்னானே' குழுவைக் கலைக்குழு என்பதைவிட அப்படியொரு பள்ளி என்று பார்ப்பதே பொருத்தம்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்குகிறது. நாடகத் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இந்த ஊரில்தான் மறைந்தார். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி வளர்த்த அந்தத் துறையில் குணசேகரன் பேராசிரியராகவும் தலைவராகவும் இருந்தார். இடையில் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். அவர் வந்து சேர்ந்த புதுச்சேரி, தலித் சிந்தனைக்கு அப்போது உயிரோட்டமான ஊர். 'நிறப்பிரிகை' இதழ் இங்கிருந்து வந்தது. ராஜ் கௌதமன் இங்குள்ள அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். இந்த ஊரின் சாதி வரலாறும் பழையது. சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையே 1745இல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு நாகரிகம் சாதியைக் கரைத்துவிட்டது என்று பேசுபவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டலாம்.

இந்த ஊரில் இருந்த காலத்தில் அவர் எழுதிய 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் என்று பேசப்படுகிறது. சாமி பலி கேட்டால் யார் தலை போகும் என்ற கேள்வியைச் சாதியோடு மட்டும் நிறுத்தாமல் பெண்ணோடும் சேர்த்துக் கேட்டதே அதன் துணிச்சல். 'சத்திய சோதனை', 'பவளக்கொடி', 'அறிகுறி' என்று பிற நாடகங்களும் உண்டு. 'தலித் அரங்கியல்' என்ற சொல்லுக்குத் தமிழில் உடல் கொடுத்தவர் அவர் என்பது மிகையல்ல.

ஆனால் அவர் விட்டுச்சென்றவற்றில் மாணவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது 'சேரிப்புறவியல்' என்ற கருத்து என்று நினைக்கிறோம். நாட்டுப்புறவியல் என்ற துறை 'நாட்டுப்புற மக்கள்' என்று ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்கிறது. அப்படியொரு கூட்டம் எந்தக் கிராமத்தில் இருக்கிறது? ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது, நடுவில் ஓர் ஓடையோ ரோடோ இருக்கிறது. ஒரு சாவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். வெளியே பறை ஒலிக்கிறது. ஆய்வாளர் இரண்டையும் பதிவு செய்து 'நாட்டுப்புற இறப்புச் சடங்குப் பாடலும் இசையும்' என்று ஒரே அத்தியாயத்தில் போடுகிறார். ஒப்பாரி வைத்தவர் உறவின் துக்கத்தால் பாடினார், பறை அடித்தவர் வராவிட்டால் என்ன ஆகுமோ என்று வந்தார். இந்த வேறுபாடு ஒலிப்பதிவில் கேட்காது. சேரியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்தப் பார்வைக்கு ஒரு பெயர் வேண்டும் என்றுதான் அவர் அப்படி ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். இன்று நாட்டுப்புறவியலில் ஆய்வேடு எழுதுகிற மாணவர்கள், தாங்கள் சேகரித்த ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாடியவர் எந்தத் தெருவில் இருக்கிறார், யாருக்காகப் பாடினார், என்ன பெற்றார் என்று மூன்று வரி சேர்த்துப் பாருங்கள். ஆய்வேடே வேறாகிவிடும்.

நகரத்துப் பாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்' என்ற நூல், பாட்டு வயலோடு முடிந்துவிடுவதில்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்கிறது. இளையராஜாவின் இசையைப் பற்றியும் தனி நூல் எழுதினார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த மெட்டுகள் திரையில் என்ன ஆயின என்பது அவருக்கு அக்கறையான விஷயம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. குணசேகரனின் பாட்டு பரவியது பெரும்பாலும் ஒலிநாடாக்கள் வழியாக. டேப் ரெக்கார்டர் இருந்த டீக்கடைகளிலும் கட்சி அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஓடித் தேய்ந்த கேசட்டுகள் அவை. நூல்கள் நூலகங்களில் இருக்கின்றன. கூட்டங்களில் யாரோ பதிவு செய்த ஒலிநாடாக்கள் இப்போதும் வீடுகளில் பரண்மேல் கிடக்கலாம். அப்படி ஒன்று உங்கள் வீட்டிலோ, பழைய தோழர் வீட்டிலோ கிடைத்தால் உடனே போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். ஓட்டினால் மேற்பூச்சு உரிந்துபோகும், கருவியின் தலையும் பாழாகும். சன்னல் போலத் தெரியும் இடத்தில் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெயிலில் காயவைக்காமல், உலர்ந்த இடத்தில் தாளில் சுற்றிச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உறையில் எழுதியிருக்கும் ஊர், தேதி, கூட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். உறை இல்லாவிட்டால் வைத்திருந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடப் பாடியவர்கள், பறை அடித்தவர்கள் யார் என்று கட்டாயம் கேளுங்கள். அவர்கள் பெயர் எந்த உறையிலும் அச்சாகியிருக்காது. பிறகு ஒலிப்பதிவைக் கணினிக்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டு போகலாம்.